வண்டிக்குள் சொல்லக் கூடாத வார்த்தை

அது ஆசைப்பட்டு வாங்கிய வண்டி இல்லை. கர்ட்டன் கம்பிக்காக வாங்கிய வண்டி.

கர்ட்டன்காரரின் வேலை வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பது, கம்பி பொருத்துவது, திரை மாட்டுவது. திரைகளைத் தைப்பது அவர் மனைவி. நீளக் கம்பிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்கூட்டரில்தான் பல வருடம் ஓட்டினார். ஒரு நாள் திருப்பத்தில் கம்பியின் நுனி ஒரு போக்குவரத்துக் காவலரின் தொப்பியைத் தட்டிக் கீழே தள்ளியது. அன்றைக்கே முடிவானது. கம்பி முழுசாக உள்ளே போகிற மாதிரி பெரிய எஸ்யூவியாகப் பார்த்து வாங்கினார்கள். கம்பி முழுசாக உள்ளே போனது. அந்த வண்டியில் ஒழுங்காக நடந்த ஒரே காரியம் அதுதான்.

வாங்கிய புதிதிலேயே மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் முன்சக்கரத்தில் ஒரு முனகல் சேர்ந்தது. அப்புறம் பின்னால் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. எந்த வீட்டு வாசலில் நிறுத்தினாலும் தரையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்பும். சொன்னால் கேட்டுச் செய்யும் வண்டி என்று பெருமையடித்து விற்றார்களே, அந்தப் பேச்சு வசதி தனிக் கூத்து. 'டிக்கி' என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. 'ஏசி' என்று சொன்னால் டிக்கி திறக்கும். டிக்கியின் பொத்தான் முதல் மழையிலேயே செத்துப்போனதால், சாமான் எடுக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டி 'ஏசி, ஏசி' என்று கூவியாக வேண்டும். ஒரு தடவை வண்டியில் உடன் வந்த வாடிக்கையாளர் வெக்கை தாங்காமல் "கொஞ்சம் ஏசி போடுங்களேன்" என்றுவிட்டார். அவர் வீட்டு வரவேற்பறைத் திரைகள் மொத்தமும் நெடுஞ்சாலையில் படுத்துக்கொண்டன.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திடீர் திடீரென்று நின்றுபோவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதைவிடக் கொடுமை, வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் நிற்கவே நிற்காது. வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஓடும். அங்கே ஒரு டை கட்டிய ஆள் உண்டு. வண்டியைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். இறங்குவார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொள்வார்.

"இது நார்மல்தான் சார்."

"நடுரோட்டுல நிக்கறது நார்மலா?"

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல சார். எதுக்கும் ஒரு சென்சார் மாத்திடலாம்."

எத்தனை சென்சார் மாற்றினார்கள் என்று கர்ட்டன்காரர் எண்ணுவதை விட்டுவிட்டார். மனைவிதான் ஒரு நாள் சொன்னாள்: "நோய்தான் நார்மல். பில்லு இல்ல." அன்றிலிருந்து டை கட்டியவருக்கு வீட்டில் 'நார்மல்' என்றே பேராகிவிட்டது.

வண்டி நிற்பதற்கு ஒரு காரணத்தையும் மனைவிதான் கண்டுபிடித்தாள். காரணமா மூடநம்பிக்கையா என்று கேட்டால் கர்ட்டன்காரருக்குப் பதில் தெரியாது. ஆனால் மூன்று தடவை கண் முன்னால் நடந்தது. வண்டிக்குள் யாராவது 'சர்வீஸ்' என்ற வார்த்தையைச் சொன்னால், சொன்ன வாய் மூடுவதற்குள் வண்டி நின்றது.

"கேட்டுடுச்சு பாருங்க," என்றாள் அவள். "இனிமே வண்டிக்குள்ள அந்த வார்த்தை கூடாது."

"அப்ப எப்படிச் சொல்றது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், சோபாவில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்து, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிற இடம் அவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது.

"பெரியம்மா வீடுன்னு சொல்லுவோம்."

அப்படித்தான் சர்வீஸ் சென்டர் பெரியம்மா வீடானது. நாலு வயதுகூட ஆகாத வண்டி, முனகலையும் மூச்சிரைப்பையும் பார்த்து, கிழவியானது.

நிஜப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவிக்குத் தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். வளர்த்தது தாயின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதைப் பற்றிக் கேட்டவர்களையும் மன்னிக்கவில்லை. பக்கத்து ஊரில் லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். முறைக்கு அத்தை என்றாலும், மனைவி கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கர்ட்டன்காரருக்கும் பெரியம்மா என்றே வாயில் ஒட்டிக்கொண்டது. ராத்திரி ஷிப்ட் வேலையை உதறிவிட்டுக் கர்ட்டன் தொழில் தொடங்குகிறேன் என்று கர்ட்டன்காரர் சொன்னபோது உறவு மொத்தமும் உதட்டைப் பிதுக்கியது. பெரியம்மா மட்டும், "ராத்திரி தூங்கறவன்தான்டி பகல்ல மனுஷனா இருப்பான். விடு, பண்ணட்டும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை ஆயுசுக்கும் உட்கார வைத்துச் சோறு போடலாம் என்பது கர்ட்டன்காரரின் எண்ணம்.

எங்களோடு வந்துவிடுங்கள் என்று மனைவி வருடக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவைதான் பெரியம்மா சரி என்றிருந்தார். ஒரே நிபந்தனை: அறையில் ஆஸ்பத்திரிப் பச்சையில் எதுவும் இருக்கக் கூடாது. மனைவி மஞ்சள் துணி எடுத்து, ஊராருக்குத் தைக்கிற அவசரமெல்லாம் இல்லாமல், மடிப்பு மடிப்பாகத் தைத்தாள். தன் வீட்டு ஜன்னலை முதல் தடவையாக அளந்து கம்பி பொருத்தினார் கர்ட்டன்காரர். இத்தனை நாள் அந்த ஜன்னலில் பழைய போர்வைதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. பேசி முடித்த மனைவி தையல் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"வரலியாம்."

"ஏன்?"

"தெரியல. அங்க வந்தா ஒழுகும்ங்கறாங்க."

"என்ன ஒழுகும்? நம்ம கூரைதான் நல்லா இருக்கே."

"அதத்தான் கேட்டேன். என்ன ஒழுகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லி வச்சுட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தார் கர்ட்டன்காரர். மஞ்சள் துணியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பிப் போனார்கள். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அதுவே கர்ட்டன்காரருக்குச் சரியாகப் படவில்லை. இது நல்லபடியாக நடந்தால் வேறு எதுவோ கெட்டுவிடும் என்பது அவர் அனுபவம்.

பெரியம்மா கதவைத் திறந்தார். வாங்க என்றார். அவர் வாங்க என்று சொன்னாலே ஏதோ கோளாறு என்று பொருள். வழக்கமாக, "செருப்ப ஒழுங்கா விடு" என்பதுதான் வரவேற்பு. சோபாவைக் காட்டினார். உள்ளே போய் இரண்டு காபியும் தட்டில் நாலு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். எதிரே நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காபி. பிஸ்கட்டு. சோபா," என்றார். "வேற என்ன இருக்கு எங்கிட்ட. பிஸ்கட்டு நமுத்திருந்தா சொல்லுங்க. மாப்ள, பர்ஸு பத்திரமா?"

கர்ட்டன்காரர் பின்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். எதற்குத் தொட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன பெரியம்மா பேசறீங்க," என்றாள் மனைவி.

"நானா பேசறேன்? பேசினது நீங்க. பேச்சு மட்டும் தேன், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்க, அதுக்குள்ள பர்ஸக் காலி பண்ணிடுவாங்க. யாரு சொன்னது?"

மனைவி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"கிழவிக்கு முட்டி போச்சு. மேடு ஏறினா மூச்சு வாங்குது. அது போகட்டும், வயசானா வாங்கத்தான் செய்யும்." பெரியம்மாவின் குரல் வார்டில் ரவுண்டு வருகிறவரின் குரலாகவே இருந்தது. "நிக்க வச்ச இடத்துலல்லாம் பின்னாடி ஒழுகுது, கூடவே துணி எடுத்துட்டுப் போய்த் தொடைக்க வேண்டியிருக்குன்னு சொன்னியேடி. எத்தன பேருக்குத் தொடச்சிருக்கேன் நான், உனக்கும் சேத்து. எனக்கு எப்படி ஒழுகிச்சு, எப்படி நீ தொடச்ச? சும்மா குடுத்தாக்கூட ஒருத்தனும் வாங்க மாட்டான்னு இவரு சொல்றாரு. ரெண்டு பேரும் சிரிக்கறீங்க."

கர்ட்டன்காரருக்குப் பொறி தட்டியது. போன வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பும்போது இருவரும் வண்டிக்குள் புலம்பிய புலம்பல் இது. வார்த்தை மாறாமல் இருந்தது.

"பெரியம்மா, இது உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? நீங்கதானே போன் பண்ணீங்க. எடுத்து ஹலோ ஹலோங்கறேன், நீங்க பாட்டுக்குப் பேசிட்டே போறீங்க. பெரியம்மா வீட்டுக்கு இனிமே நான் வரமாட்டேன்னு இவ ஆரம்பிச்சா. நான் கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தான் வச்சேன்."

வண்டியின் டிஸ்ப்ளே ஒரு மாதமாகக் கறுத்துக் கிடந்தது. ஸ்பீக்கர் ஊமை. எத்தனை தடவை கத்தினாலும் ஒரு சொல்லைக்கூட ஒழுங்காகப் புரிந்துகொள்ளாத அந்த வண்டி, 'பெரியம்மா' என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் அட்சர சுத்தமாகப் புரிந்துகொண்டு, கர்ட்டன்காரரின் போனிலிருந்து அழைப்பைப் போட்டிருக்கிறது.

இது புரிந்த கணத்தில் கர்ட்டன்காரர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். சிரித்தார். அடக்கப் பார்த்தார், காபி மூக்கில் ஏறியது. புரை ஏறி இருமிக்கொண்டே சிரித்தார். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். கிள்ளியவளுக்கே விஷயம் விளங்க, அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க," என்றார் பெரியம்மா. "என் வீட்டு சோபாவுல உக்காந்தே சிரிங்க."

விளக்கம் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அது பொய்யைவிட மோசமாக ஒலித்தது. கிழவி என்றால் வண்டி. ஒழுகுவது எண்ணெய். பெரியம்மா வீடு என்றால் பெரியம்மா வீடு இல்லை, அது ஒரு இடம், ஆனால் அந்த இடத்தின் பேரை வண்டிக்குள் சொல்லக் கூடாது, சொன்னால் வண்டி நின்றுவிடும்.

பெரியம்மா அசையாமல் கேட்டார்.

"மாத்திரைய முழுங்காம தலகாணிக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டு, எலி தின்னுடுச்சுன்னு சொன்ன பேஷண்ட்டப் பாத்திருக்கேன். அவன் தேவல."

"சத்தியமா பெரியம்மா."

"அப்ப அந்தப் பெரியம்மா வீட்ட எனக்குக் காட்டு. பாத்துட்டுச் சொல்றேன்."

புடவை மாற்றிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பெரிய பையையும் இழுத்துக்கொண்டு வந்தார். "பழைய துணி. போற வழியில யாருக்காவது குடுக்கணும். டிக்கில வைங்க," என்றார். மூன்று மாடியும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கிய கர்ட்டன்காரருக்கு, பழைய துணி இவ்வளவு கனக்குமா என்று தோன்றியது. கேட்கும் நிலையில் அவர் இல்லை. வண்டிக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு, "ஏசி" என்றார். டிக்கி திறந்தது. பெரியம்மாவின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

வழி முழுக்க யாரும் பேசவில்லை. பேசினால் எது யாருக்குப் போய்ச் சேரும் என்று தெரியாதே.

சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒரு பெண் சிரித்து, உட்காரச் சொன்னாள். சோபா இருந்தது. காபி வந்தது. கூடவே தட்டில் பிஸ்கட். பெரியம்மா ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். உடையவில்லை, வளைந்தது.

"ம்," என்றார்.

கர்ட்டன்காரரின் மனதில் முதல் தடவையாக அந்தக் கம்பெனியின் மேல் நன்றி சுரந்தது.

நார்மல் வந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். கைக்குட்டை. நெற்றி.

"செக் பண்ணிட்டேன் மேடம். இது நார்மல்தான். எதுக்கும் ஒரு சென்சார்..."

பெரியம்மா தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவர் வாயின் ஓரம் கொஞ்சம் கோணியது. அப்புறம் நார்மலைப் பார்த்து, அன்பே உருவாகக் கேட்டார்.

"டூட்டி எத்தன மணி வரைக்கும் தம்பி?"

"சனிக்கிழமை அரை நாள்தான் மேடம். கிளம்ப வேண்டியதுதான்."

"வீடு எந்தப் பக்கம்?"

"மேம்பாலம் தாண்டி."

"அட, எங்க வழிதான். ஏறிக்குங்க, விட்டுடறோம்."

நார்மலின் முகத்தில் எதுவோ ஓடி மறைந்தது. "பரவாயில்ல மேடம். நான் பஸ்லயே..."

"ஏன்? வண்டி நார்மல்தானே?"

நார்மல் ஏறினார். பின்சீட்டில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துப் போட்டுக்கொண்டார். முன்னால் பெரியம்மா. கர்ட்டன்காரர் ஓட்டினார்.

வண்டி தங்கமாக ஓடியது. முனகல்கூட இல்லை. நார்மல் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார், டையைத் தளர்த்தினார், ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார். கர்ட்டன்காரர் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கிழவி இன்றைக்கும் காட்டிக்கொடுக்கப் போகிறாள். பெரியம்மா நம்பாமல் மூன்றாம் மாடிக்கே திரும்பிவிடுவார். மஞ்சள் திரைக்குப் பின்னால் ஆளில்லாத கட்டில் கிடக்கும். மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கியது. அதிலும் வண்டி ஏறியது, வாலிபப் பிள்ளை மாதிரி.

பெரியம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினார்.

"தம்பி, அந்த ஆபீஸ்ல உங்களுக்கு என்ன போஸ்ட்டு?"

கர்ட்டன்காரரும் மனைவியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். நேரம் போதவில்லை.

"நானா மேடம்? சீனியர் சர்வீஸ் அட்வைசர்."

வண்டி ஒரு தடவை விக்கியது. என்ஜின் அடங்கியது. கர்ட்டன்காரர் இருந்த வேகத்திலேயே ஓரத்துக்குத் திருப்பி, கை பிரேக்கை இழுத்தார். எச்சரிக்கை விளக்கைப் போட்டார். வைப்பர் ஓடியது.

வெயில் காய்கிற கண்ணாடியில் வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

"இது..." என்றார் நார்மல்.

"நார்மல்தானே?" என்றார் பெரியம்மா.

முதலில் சிரித்தது பெரியம்மாதான். கர்ட்டன்காரர் அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் குனிந்து, டேஷ்போர்டைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். "காது கேக்குதுடி இவளுக்கு," என்றார். "ஐயோ, நல்லாவே கேக்குது." மனைவி பின்னாலிருந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அதற்குள் எங்கேயோ கொஞ்சம் அழுகையும் கலந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கர்ட்டன்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். ஹாரன் அடிக்கவில்லை, அது எப்போதோ போய்விட்டது. வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டி நின்று அவர் சந்தோஷப்பட்டது இன்றைக்குத்தான்.

நார்மல் இறங்கி, டையைக் கழற்றிப் பாக்கெட்டில் திணித்தார். போனை எடுத்துத் தன் சர்வீஸ் சென்டருக்கே அடித்தார். வண்டி எண் சொன்னார், இடம் சொன்னார், இழுத்துப் போக ஆள் அனுப்பச் சொன்னார். எதிர்முனையில் யாரோ பொறுமையாக எதையோ விளக்கினார்கள். கேட்கக் கேட்க நார்மலின் காது சிவந்தது.

"என்னய்யா நார்மல்? நடுப் பாலத்துல நிக்கறேன். நார்மல் இல்ல. கேக்குதா? இது நார்மல் இல்லய்யா."

கர்ட்டன்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை காபி குடித்திருப்பார்கள்.

போனை வைத்த நார்மல், மற்றவர்களைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இங்கயே இருந்து வண்டிய ஏத்தி விட்டுடறேன் சார். திங்கக்கிழமை நானே கூட நின்னு முழுசாப் பிரிச்சுப் பாக்கச் சொல்றேன். பில்லு வராது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நானே எங்க கம்பெனி வண்டி வாங்கல. தினமும் பஸ்லதான் போறேன் சார்," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

பெரியம்மா இறங்கிப் புடவையை உதறிக்கொண்டார். மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"இங்கேருந்து எந்த வீடு கிட்ட? உன்னோடதா என்னோடதா?"

"எங்களோடது பெரியம்மா," என்றாள் மனைவி. "பாலம் இறங்கினா அடுத்த தெரு."

"அப்புறம் எதுக்கு நிக்கற? நட. மாப்ள, பை."

கர்ட்டன்காரர் கதவுக்குள் தலையை நீட்டி, மரியாதையோடு, "ஏசி" என்றார். டிக்கி திறந்தது. நார்மல் இரண்டடி பின்வாங்கினார். கர்ட்டன்காரர் பையை இறக்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"இந்தப் பழைய துணிய யாருக்கு பெரியம்மா குடுக்கணும்?"

"எனக்குத்தான். நாளைக்கு எத உடுத்திப்பேன்?"

மனைவி நடுப் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டாள். "அப்ப வீட்டுலயே நம்பிட்டீங்களா?"

"நம்பல. நம்பணும்னு இருந்துச்சு," என்றார் பெரியம்மா. கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறக்கத்தில் விடுவிடுவென்று நடக்க ஆரம்பித்தார். பின்னால் வந்த இருவரும் எட்டிப் பிடிக்கத் திணறினார்கள்.

"முட்டி போன கிழவி எப்படி நடக்கறா பாத்துக்கோ," என்றார் திரும்பிப் பார்க்காமல். "வேணும்னா வழியெல்லாம் தொடச்சுக்கிட்டே வா."